சனிக்கிழமைச் சட்டை

மேனேஜர் இராஜசிங்கம் தன் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்துப்பட்டையைத்தான் பார்க்கிறார் என்பது மருதப்பனுக்கு மூன்றாவது தடவை உறுதியாகிவிட்டது.

"மருதப்பன், இந்தச் சேட்டு எங்க எடுத்தது?"

"மாமனார் கொடுத்தது சார். கல்யாணத்துக்கு."

"மாமனாரோ?"

"ஆமா சார். ஹை ஸ்ட்ரீட்ல தைச்சது."

இராஜசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "வடிவான சேட்டு. கவனமா வச்சிரும்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். அந்தக் 'கவனமா'வில் ஏதோ இருந்தது.

சட்டை மாமனார் கொடுத்ததல்ல. தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் டோபி இராமசாமி ஒரு நாளைக்கு வாடகைக்குக் கொடுத்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள், போட்டோ எடுக்கப் போகிறவர்கள், நேர்காணலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இராமசாமி வெளுக்க வந்த சட்டைகளைக் கொடுப்பார். யார் வீட்டுச் சட்டை என்று அவர் சொல்வதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை. மருதப்பனிடம் சொந்தமாக இருந்த இரண்டு சட்டைகளுக்கும் காலர் நைந்துவிட்டது. இன்று பார்த்து, "முழுக்கை வெள்ளை, கஞ்சி போட்டது, டை கட்டாயம்" என்று மேனேஜர் உத்தரவு.

இன்று சாதாரணச் சனிக்கிழமை இல்லை. ரேடியோவும் மின்விசிறியும் மட்டுமே விற்றுக்கொண்டிருந்த அந்தச் சிராங்கூன் சாலைக் கடைக்குக் கப்பலில் மூன்று சலவை மெஷின்கள் வந்து மாதக் கணக்காகிறது. மூன்றும் மேலே மூடி திறந்து துணி போடும் ரகம். வேடிக்கை பார்க்க ஊரே வந்துபோயிற்று, வாங்க ஒருவரும் வரவில்லை. இன்று பிடோக் கடற்கரை பங்களாவிலிருந்து பாக்கியலட்சுமி அம்மாள் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். ஒரு மெஷினாவது விற்றால் மருதப்பனின் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் வீட்டுக்கு மனுப் போட முடியும். ஆறு குடும்பம் ஒரு குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீட்டில், பலகைத் தடுப்புக்குப் பின்னால், அவன் மனைவி தங்கம் இப்போதே ஜன்னல் திரைக்குத் துணி வாங்கி வைத்திருந்தாள். ஜன்னல்தான் இல்லை.

மருதப்பன் கழிவறைக் கண்ணாடி முன் நின்று காலரைத் திருப்பிப் பார்த்தான். பின்கழுத்தின் உள்பக்கம் கறுப்பாக ஒரு குறி. ஒரு பிறை, அதன் கீழே இரண்டு புள்ளி. டோபி குறி. ஒரு வீட்டுத் துணிக்கெல்லாம் ஒரே குறி, சேங்கொட்டைச் சாற்றில் போட்டது. அவன் குனியும்போதெல்லாம் காலர் விலகி அது வெளியே தெரிகிறது. மேனேஜர் பார்த்தது அதைத்தான்.

அப்படியென்றால் இது மேனேஜரின் சட்டை, சீமையில் தைத்தது என்று அவர் பெருமையடிக்கும் அந்தச் சனிக்கிழமைச் சட்டை.

மருதப்பன் நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்துப் படிப்பவன். பனி கொட்டும் ஊர்களில் கொலைகாரர்கள் எத்தனை திறமையாகத் திட்டம் போட்டாலும் கடைசியில் ஒரு பொத்தானாலோ கையுறையாலோதான் பிடிபடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அங்கே விசாரணை அதிகாரி இப்படித்தான், ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைப்பார்.

கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைச் சுற்றி, காலருக்குள் செருகிக்கொண்டான்.

"என்ன அண்ணே, கழுத்துல கட்டு?" என்றார் மெக்கானிக் யாக்கூப், தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டே.

"தொண்டை வலி."

"இந்த வெயிலுக்கா? ஐஸ் கச்சாங் நிறைய சாப்பிட்டிருப்பீங்க லா."

வாசலில் கார் நின்றது.

பாக்கியலட்சுமி அம்மாள் நல்ல உயரம். ஒரு கையில் குடை, மறு கையில் சந்தைக்குப் போய்வந்த பாசார் பை. உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"எங்க அந்த மெஷினுங்க? எனக்கு டோபியை நம்பி நம்பிப் போதும்னு ஆயிருச்சு. பொத்தான் போகுது, துண்டு மாறுது, முழுச் சட்டையே காணாமப் போகுது. கேட்டா காத்துல பறந்துருச்சும்மாங்கிறான். சட்டை என்ன காத்தாடியா?"

"டோபியை நம்பவே கூடாதும்மா," என்றான் மருதப்பன் முழு மனதோடு.

"வாங்கோ, வாங்கோ. இருங்கோ," என்று இராஜசிங்கம் நாற்காலி போட்டார்.

மருதப்பன் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஆரம்பித்தான். "அம்மா, மெஷினுக்கு வெளியில இருக்கிற பளபளப்பைப் பார்க்கக் கூடாது. நடுவுல நிக்குது பாருங்க, இந்தக் கம்பம். இதுக்குப் பேரு அஜிட்டேட்டர். இதுதான் உயிரு. இந்த மெஷின்ல நாலு சிறகு. அரை வட்டம் இப்படி, அரை வட்டம் அப்படித் திரும்பும். அடுத்ததுல திருகாணி மாதிரி சுத்திக்கிட்டு இறங்குது. துணியை மேலேயிருந்து உள்ளே இழுத்துக் கீழே அனுப்பும். மூணாவது சுத்தவே சுத்தாது. மேலேயும் கீழேயும் துள்ளும்."

"துள்ளுமா?"

"துள்ளும்மா."

"எதுக்கு?"

எதற்கென்று மருதப்பனுக்குத் தெரியாது. யாக்கூப்பைப் பார்த்தான்.

"அது அப்படித்தாம்மா, கங்காரு ரகம்," என்றார் யாக்கூப்.

"சரி, போட்டுக் காட்டுங்க. அந்தக் கழுத்துக் கைக்குட்டையைக் கொடுங்க, அதுலேயே ஆரம்பிப்போம்."

"அம்மா, எனக்குத் தொண்டை..."

"தொண்டை வலிக்கு மிளகு ரசம் வைக்கச் சொல்லுங்க. கைக்குட்டையா வைத்தியம் பண்ணும்?" அவர் எட்டி உருவிவிட்டார். மருதப்பன் நெளிந்து குனிந்தான். பின்னால் நின்ற பாக்கியலட்சுமி அம்மாள் ஒரு கணம் கைக்குட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சட்டை நல்லாயிருக்கே தம்பி. சிப்பிப் பொத்தானா?"

"ஆமாம்மா. மாமனார் கல்யாணத்துக்கு..."

"நல்ல மாமனார். கைக்குட்டை வேண்டாம். இத்துனூண்டு துணியில என்ன தெரியும்? உங்க மெஷின் மேல உங்களுக்கு நம்பிக்கை இருந்தா அந்தச் சட்டையைக் கழட்டிப் போடுங்க."

"சேட்டு வேண்டாம்!" என்று இராஜசிங்கம் கத்திய கத்தலில் வாசலில் நின்ற வேடிக்கைக் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பிறகு குரலைத் தணித்து, "மேசை விரிப்புப் போடுவம். இல்லாட்டி என்ர டை. இந்தத் திரைச்சீலையைக் கழட்டுவம். யாக்கூப், திரைச்சீலையைக் கழட்டும்!"

மருதப்பனுக்கு எல்லாம் தெளிவாயிற்று. தன் சட்டைக்காக ஒரு மனிதர் இப்படித்தான் பதறுவார். ஆனால் அதே நொடியில் அவனுக்கு ஒரு வழியும் தெரிந்தது. எந்தக் கறையையும் எடுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே. குறியைத் தண்ணீரில் கரைத்துவிட்டால்? குறி இல்லாத வெள்ளைச் சட்டை யாருடைய சட்டையாகவும் இருக்கலாம், மாமனார் கொடுத்ததாகவும் இருக்கலாம்.

"போடுறேம்மா!" என்று சட்டையைக் கழற்றிவிட்டான். உள்ளே பனியனில் மூன்று ஓட்டை. டையைக் கழற்றப் போனவனை அம்மாள் தடுத்தார்.

"அது இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

"அண்ணே, இது மெஷின் விளம்பரமா, பனியன் விளம்பரமா லா?" என்றார் யாக்கூப்.

சிறகு மெஷின் முனகி, உறுமி, அரை வட்டம் இப்படி, அரை வட்டம் அப்படி என்று வேலையைத் தொடங்கியது. சட்டையின் ஒரு கை எழுந்து, யாரையோ உதவிக்குக் கூப்பிடுவது போல் ஆடிவிட்டு மூழ்கியது. தொட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். மறுபடியும் டக்.

"ஐயோ, சிப்பிப் பொத்தான்!" என்று இராஜசிங்கம் நெஞ்சில் கை வைத்தார். "இந்த ஊரில ஒரு கடையிலயும் உந்தப் பொத்தான் கிடையாது."

கடை கடையாகத் தேடியவர் போலப் பேசுகிறாரே என்று நினைத்தான் மருதப்பன். சட்டையை வெளியே எடுத்து முதல் வேலையாகக் காலரைப் பார்த்தான். பிறை அப்படியே இருந்தது. இரண்டு புள்ளிகளும் இருந்தன. பொத்தானில்தான் இரண்டைக் காணவில்லை.

"சிறகு பொத்தானைத் திங்குது," என்றார் பாக்கியலட்சுமி அம்மாள். "போதுமா தம்பி?"

"இல்லைம்மா! ஒரு மெஷினை வச்சு முடிவு பண்ணக் கூடாது. திருகுல போட்டுப் பார்க்கணும். அது ஆழமா இழுக்கும். கறை எல்லாம்..." அவன் காலரைக் கட்டைவிரலால் தேய்த்தான். "கறை எல்லாம் போயிரும்."

"மருதப்பன், காணும், போதும்! விட்டிரும்!" என்றார் இராஜசிங்கம்.

"சார், கம்பெனி நல்லதுக்குத்தான் சார்!"

திருகு மெஷின் சட்டையைச் சத்தமில்லாமல் விழுங்கியது. காலருக்கு மேலும் கொஞ்சம் சோப்புத்தூள் போடலாம் என்று மருதப்பன் குனிந்தான். கழுத்தில் தொங்கிய டை தொட்டிக்குள் விழுந்தது. திருகு டையையும் விரும்பியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மருதப்பனின் முகம் தண்ணீரை நோக்கி மெல்ல இறங்கியது. மூழ்கும் கப்பலின் தளத்தில் தலைவன் மட்டும் தனியாக நிற்கும் ஒரு கடைசி அத்தியாயம் அவன் நினைவுக்கு வந்தது. அந்தத் தலைவனுக்கு டை இருந்ததாக எழுதியிருக்கவில்லை.

"பிளக்கைப் பிடுங்கு!" என்று அம்மாள் கத்தினார். யாக்கூப் பிடுங்கினார். கத்தரிக்கோலால் டையை வெட்டி மருதப்பனை மீட்டார்கள். சட்டையை அவிழ்த்தபோது வலது கை இடது கையைவிட ஒரு சாண் நீண்டிருந்தது. குறி முன்பைவிடப் பளிச்சென்று இருந்தது, சுற்றி இருந்த அழுக்குப் போனதால்.

இராஜசிங்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இண்டைக்குப் பின்னேரம் கிளப்பில விருந்து," என்று சுவரிடம் சொன்னார்.

"அதுக்கென்ன சார் இப்ப?" என்றார் யாக்கூப்.

"ஒண்டுமில்லை."

"மூணாவதையும் பார்த்துடுவோம்," என்றார் பாக்கியலட்சுமி அம்மாள். அவர் முகத்தில் ஒரு குதூகலம் இருந்தது. "துள்ளுறது எப்படித்தான் துள்ளுதுன்னு பார்க்க வேண்டாமா? இருங்க, கூட இதையும் போடுவோம். நல்ல கறைத் துணி." பாசார் பையைத் துழாவி ஒரு துணிப்பையை எடுத்தார். மசாலா மில்லில் அரைத்துக்கொண்டு வந்த பை. தூளை வேறு டப்பாவில் மாற்றியிருந்தார், ஆனால் பை முழுக்க மஞ்சள்.

மருதப்பன் தமிழ் வீட்டில் பிறந்தவன். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்திருப்பான். சோப்புத்தூளுக்கும் அதே குணம் உண்டு என்பது மட்டும் அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. காலரைத் தவிர வேறெதையும் அவனால் நினைக்க முடியவில்லை.

மூன்றாவது மெஷின் துள்ளியது. கம்பம் மேலே வந்தது, கீழே போனது. மூடியைத் திறந்து வைத்திருந்ததால் தண்ணீரும் கூடவே துள்ளியது. முதலில் மஞ்சளாக. பிறகு செக்கச்செவேலென்று.

வாசல் கூட்டத்திலிருந்து ஒருவர், "ஆரத்தி! ஆரத்தி!" என்று கத்தினார்.

"மெஷினே ஆரத்தி கரைக்குதுப்பா," என்றார் பாக்கியலட்சுமி அம்மாள். "கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடலாம்."

சட்டை இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. பாக்கியலட்சுமி அம்மாளே அதை வாங்கி உதறி, காலரைத் திருப்பி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"பார்த்தீங்களா? சிறகுக்கும் அசையலை, திருகுக்கும் அசையலை, துள்ளினதுக்கும் அசையலை. டோபி குறின்னா குறிதான். பிறையும் ரெண்டு புள்ளியும் என்ன அழகா இருக்கு!"

மருதப்பன் கண்களை மூடிக்கொண்டான். கைது செய்யும் அத்தியாயம் இதுதான்.

ஆனால் கைது செய்ய யாரும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது இராஜசிங்கத்தின் காது மடல்கள் சட்டையின் நிறத்தில் இருந்தன.

"எனக்கு அந்தத் திருகு மெஷினே போதும்," என்றார் பாக்கியலட்சுமி அம்மாள், குடையை எடுத்துக்கொண்டு. "வளர்ற பிள்ளைங்க வீடு. கை நீண்டா நல்லதுதான். திங்கக்கிழமை கொண்டாந்து மாட்டிடுங்க." வாசலில் நின்று திரும்பினார். "தம்பி, மாமனாரை ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க."

மெஷின் விற்றுவிட்டது. மருதப்பன் தயங்கித் தயங்கி மேனேஜரிடம் போனான். "சார், என் வேலை விஷயம்..."

இராஜசிங்கம் அவன் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார். "திங்கக்கிழமை பாப்பம்," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

வேலை போய்விட்டது. தரையில் நின்ற ஆரத்தித் தண்ணீரைத் துடைத்து முடிப்பதற்குள் மருதப்பன் மனதுக்குள் குவீன்ஸ்டவுன் வீட்டைப் பலகை பலகையாகப் பிரித்துவிட்டான். ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடந்தான். பூக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சரபத் கடை ஜலாலுதீன் கோப்பி ஆற்றுவதை நிறுத்தினார். "என்ன தம்பி, வசந்த விழாவா?"

"மஞ்சளும் சோப்பும் அண்ணே. போகுமா?"

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சிவப்புப் போயிரும்."

"நிசமாவா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

ஜலாலுதீன் பொய் சொல்லவில்லை. சிவப்புப் போயிற்று. எலுமிச்சை பட்ட இடமெல்லாம் மஞ்சளாயிற்று. பழம் பாதி முதுகோடு தீர்ந்துபோனதால் சட்டை இப்போது பாதி மஞ்சள், பாதி சிவப்பு.

டோபி முற்றத்தில் கொடி கொடியாகப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. இராமசாமி இல்லை. அவர் மனைவி முத்தாயி கரிப் பெட்டியால் கால்சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். மருதப்பனைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வாங்க தம்பி, நீங்க வருவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"அக்கா, நான் முதல்ல சொல்லிடுறேன். இது எங்க மேனேஜர் சட்டைதானே? அவர் பார்த்துட்டாரு. என் வேலை போச்சு. போலீசுக்குப் போனாலும் போவாரு."

"யாரு, கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்து சாரா? அவரு..."

சந்து முனையில் தொப்பி ஒன்று தெரிந்தது. இராஜசிங்கம்! மருதப்பன் பாய்ந்து ஒரு படுக்கை விரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

இராஜசிங்கம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முற்றத்துக்குள் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"முத்தாயி, ஆறு மணிக்கு கிளப்பில விருந்து. வேற வெள்ளைச் சேட்டு ஏதும் கிடக்கோ? என்ர சனிக்கிழமைச் சேட்டை நீங்கள் ஆருக்கோ குடுத்திட்டியள். அந்த மடையன் அதை மூண்டு மெஷினில போட்டு அவிச்சுப்போட்டான். எனக்கு அழுகை வந்திட்டுது. ரெண்டு வருசமா நான் வாடகைக்கு எடுக்கிற சேட்டு அது, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்."

மருதப்பன் கையிலிருந்த விரிப்பு நழுவியது. கவ்விகள் ஒவ்வொன்றாகத் தெறித்து, விரிப்பு தரையில் விழுந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீர்... இஞ்ச?" என்றார் இராஜசிங்கம்.

"சார்... நீங்களுமா?"

"மாமனார் கல்யாணத்துக்குக் குடுத்தது எண்டீர்?"

"நீங்க சீமையில தைச்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்வீங்களே சார், சனிக்கிழமைச் சட்டை."

இராஜசிங்கம் தொப்பியைக் கழற்றினார். மருதப்பனுக்கு அவர் திடீரென்று உயரம் குறைந்தவராகத் தெரிந்தார்.

"மருதப்பன், உம்மட வேலை நிரந்தரம். திங்கக்கிழமையே எழுதித் தாறன். ஆனா இதை ஒருத்தருக்கும் கதைக்கப்படாது. யாக்கூப்புக்குச் சொன்னால் சாங்கி வரைக்கும் போயிடும்."

"உயிர் போனாலும் சொல்ல மாட்டேன் சார்."

அவர் கை நீட்டினார். மருதப்பன் நீண்ட பக்கத்துச் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு குலுக்கினான். குவீன்ஸ்டவுன் வீடு மறுபடியும் எழுந்து நின்றது, ஜன்னலோடு. காலையிலிருந்து இப்போதுதான் அவன் முழுதாக மூச்சு விட்டான். மூச்சு விட்ட பிறகுதான் அது தோன்றியது.

"அப்ப இது உங்க சட்டை இல்லையா சார்?"

"என்ர இல்லை."

"என்னதும் இல்லை."

இருவரும் முத்தாயியைப் பார்த்தார்கள். அவள் பெட்டிக்குள் கரியை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அதைத்தானே தம்பி வந்த உடனே சொல்ல வந்தேன்? ரெண்டு வருஷத்துக்கு முன்னால காத்துல பறந்துருச்சுன்னு நாங்க சொல்லி வச்ச பிடோக் பங்களா ஐயாவோட சட்டை அது. அந்தம்மா சித்த முன்னாடிதான் கார்ல வந்து, 'மெஷின் வாங்கிட்டேன், இனிமே எங்க துணி உங்களுக்குக் கிடையாது. அந்தக் கடையில ஒருத்தர் போட்டுக்கிட்டு நின்னதும் எங்க வீட்டுச் சட்டை, இன்னொருத்தர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அழுததும் எங்க வீட்டுச் சட்டைக்குத்தான், மூணு மெஷின்லயும் போட்டு நானே நல்லா வெளுத்துட்டேன், ரெண்டு பேரும் இனிமே வாடகை இல்லாமலே மாத்தி மாத்திப் போட்டுக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனாங்க."